ராத்திரி 8.50க்கு வந்த "நாளைக்கு ஃப்ரூட்ஸ் டே" மெசேஜ்: ஒரு அம்மாவோட கேள்வியும் என் பதிலும்

கேள்வி:

மேடம் வணக்கம். நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கேன். வீட்டுக்கு வர ராத்திரி எட்டரை ஆயிடும், ஓவர்டைம் இருந்தா இன்னும் லேட். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுறார். பொண்ணு மூணாங்கிளாஸ், பையன் யூகேஜி, ரெண்டு பேரும் ஒரே ஸ்கூல். ஜூன்ல ஸ்கூல் திறந்ததுல இருந்து பையனுக்கு மட்டும் எல்லோ டே, கிரீன் டே, காமராஜர், சுதந்திர தினத்துக்கு பாரதியார், அப்புறம் கிருஷ்ணர், கம்யூனிட்டி ஹெல்பர்ஸ்னு போலீஸ், இப்போ சில்ட்ரன்ஸ் டேக்கு நேரு. பொண்ணுக்கு வேலுநாச்சியார் டிரெஸ் வாடகைக்கு எடுத்தோம், வாடகை 450, அட்வான்ஸ் 500, அட்டைக் கத்தி மடங்கிப் போச்சுன்னு அட்வான்ஸ்ல 200 பிடிச்சுக்கிட்டாங்க.

போன மாசம் ஒரு புதன்கிழமை ராத்திரி 8.50க்கு கிளாஸ் குரூப்ல மெசேஜ், நாளைக்கு ஃப்ரூட்ஸ் டே, என் பையனுக்கு பைனாப்பிள். எங்களுக்கு சம்பளம் சனிக்கிழமைதான். கைல காசும் இல்ல, கடையும் சாத்தியாச்சு. வீட்ல இருந்த மஞ்ச சார்ட்ட வெட்டி ஒட்டினேன். பதினொரு மணிக்கு போட்டுப் பாருன்னா "இது பைனாப்பிள் இல்ல"ன்னு தூக்கி எறிஞ்சான். நான் அடிச்சுட்டேன் மேடம். விசும்பிக்கிட்டே தூங்கினான். மறுநாள் யூனிஃபார்ம்லதான் போனான், போட்டோல ஓரமா நிக்கறான். இப்போ தினமும் சாயங்காலம் "நாளைக்கு என்ன டிரெஸ்ம்மா"ன்னு கேக்கறான். அடுத்த வெள்ளிக்கிழமை வெஜிடபிள்ஸ் டே வேற. இந்த மாதிரி நாள்ல லீவு போட்டுடலாமா? வீட்டுக்காரர் அதத்தான் சொல்றார். மாமியார், நாங்கல்லாம் பிள்ளை வளக்கலையான்னு கேக்கறாங்க. ஸ்கூல்ல கேட்டா பையன ஒதுக்கிடுவாங்களோன்னு பயமா இருக்கு. பொண்ணு ஒரு சர்க்குலர என்கிட்ட காட்டாம பைலயே வெச்சிருந்தா, மிஸ்கிட்ட எங்கம்மாக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டாளாம்.

(திருப்பூர்ல இருந்து ஒரு அம்மா)

பதில்:

வணக்கம்மா. உங்க லெட்டர நான் ரெண்டு மூணு தடவ படிச்சேன். பையன அடிச்சத பத்தி நிறைய எழுதியிருக்கீங்க, பொண்ண பத்தி கடைசில ஒரே வரிதான். ஆனா எனக்கு அந்த ஒரு வரிதான் மனசுல நின்னுடுச்சு, அதனால அங்க இருந்தே ஆரம்பிக்கறேன்.

எட்டு வயசுப் பொண்ணு ஒரு பேப்பர ஒளிச்சு வெச்சிருக்கா. அது பொய் சொல்ற பழக்கம்னு நினைச்சு கண்டிச்சுடாதீங்க. அவ உங்களப் பாத்துக்கிட்டே இருந்திருக்கா, சர்க்குலர் வந்தா அம்மா முகம் எப்படி மாறுது, அன்னிக்கு ராத்திரி வீடு எப்படி இருக்கும், தம்பிக்கு என்ன ஆச்சு எல்லாம் பாத்துட்டு, இந்தப் பேப்பர் வீட்டுக்குள்ள வரலன்னா அம்மா நிம்மதியா இருப்பான்னு அவளா ஒரு முடிவு எடுத்திருக்கா. உங்க மேல உள்ள பாசத்துலதான் செஞ்சிருக்கா. ஆனா அந்த பாரத்த அவ சுமக்கக் கூடாது, அம்மாவ பாதுகாக்கற வேலை எட்டு வயசுல யாருக்கும் வேணாம். இப்படி ஒளிக்கற பிள்ளைங்க என்கிட்ட வந்திருக்காங்க, முதல்ல டிரெஸ் சர்க்குலர், அப்புறம் டூர் சர்க்குலர், அப்புறம் மார்க் ஷீட், ஆறாவது ஏழாவது வர்றப்போ க்ளாஸ்ல யாரோ கஷ்டப்படுத்தறாங்கங்கற விஷயம் கூட வீட்டுக்கு வராது. உங்க பொண்ணு அவ்ளோ தூரம் போகல, இப்பத்தான் ஒரு தடவ செஞ்சிருக்கா, உங்களுக்கும் தெரிஞ்சிடுச்சு, அதுவே நல்லது.

அவள தனியா கூப்பிட்டு உக்கார வெச்சு விசாரிக்க வேணாம். தலை பின்னும்போதோ பாத்திரம் அடுக்கும்போதோ சொல்லுங்க: "எனக்கு கஷ்டமா இருக்கும்னு நினைச்சு நீ பேப்பர மறைச்சிட்டேன்னு தெரியும்டா. அம்மாக்கு கோவம் வந்தது அந்த மெசேஜ் மேல, உங்க ரெண்டு பேர் மேல இல்ல. எந்தப் பேப்பர் வந்தாலும் கொண்டுவா, செய்யலாமா வேணாமான்னு நான் பாத்துக்கறேன், மிஸ்கிட்டயும் நானே பேசிக்கறேன்." அவ்ளோதான். அவ பதில் சொல்லலன்னாலும் பரவால்ல. அதுக்கப்புறம் ஒரு சர்க்குலர் வரும்போது நீங்க முகத்த சுளிக்காம வாங்கி வெச்சுட்டீங்கன்னா, அத அவ பாப்பா.

பையனுக்கும் இதே மாதிரிதான். அடிச்சது ஒரு மாசம் ஆச்சே, இப்போ போய் என்னத்த சொல்றதுன்னு நினைக்காதீங்க. அவன் மறக்கல, தினமும் சாயங்காலம் கேக்கற அந்தக் கேள்விதான் அதுக்கு சாட்சி. அவன் டிரெஸ்ஸ பத்தி கேக்கல. இன்னிக்கு ராத்திரியும் அந்த மாதிரி ஆகுமான்னு கேக்கறான். அதனால அந்தக் கேள்விக்கு "ஒண்ணுமில்லடா போ"ன்னு சொல்லாம நேரா பதில் சொல்லுங்க. "நாளைக்கு யூனிஃபார்ம்தான். வெள்ளிக்கிழமை ஒரு காய்கறி நாள் இருக்கு, அதுக்கு நாம ரெண்டு பேரும் சேந்து சின்னதா ஒண்ணு பண்ணலாம். அன்னிக்கு அம்மா அடிச்சது தப்பு, உன் மேல தப்பில்ல." அஞ்சு வயசுப் பிள்ளைக்கு இது நல்லாவே புரியும். மனசு கேக்காம பொம்மை வாங்கிக் குடுத்து சரிக்கட்ட வேணாம். அதுக்கும் காசு வேணும், அதுவுமில்லாம அம்மா அழ வெச்சா அப்புறம் பொம்மை வரும்னு அவன் படிச்சுக்குவான். கொஞ்ச நாளைக்கு அந்தக் கேள்வி வந்துக்கிட்டுதான் இருக்கும், வர்றப்போல்லாம் அதே நிதானத்தோட சொல்லிக்கிட்டே இருங்க, தானா குறையும்.

இப்போ உங்கள பத்தி. காலைல எந்திரிச்சு சமைச்சு, நாள் பூரா நின்னு பீஸ் செக் பண்ணி, எட்டரைக்கு வீடு வர்றவங்ககிட்ட எட்டு அம்பதுக்கு பைனாப்பிள் கேட்டா யாருக்கும் நிதானம் தவறும். அடிச்சது சரின்னு சொல்லல. ஆனா "நான் நல்ல அம்மா இல்லையோ"ன்னு எழுதாம எழுதியிருக்கீங்களே, அது இல்லவே இல்ல. இந்த வேலை அம்மாங்க தலையில எப்படி வந்து விழுந்துச்சுன்னு கொஞ்சம் பாத்தாலே உங்க பாரம் பாதி குறைஞ்சிடும்.

ஸ்கூல்ல வேஷம் போடறது புதுசு ஒண்ணும் இல்ல. நான் மதுரை, எங்க ஊர்ல மீனாட்சி கோயிலுக்கு எதிர்ல புது மண்டபத்துல டெய்லருங்க வரிசையா உக்காந்து சாமி டிரெஸ், கிருஷ்ணர் டிரெஸ், பாரதமாதா டிரெஸ் எல்லாம் தச்சு தொங்க விட்டிருப்பாங்க, அந்தக் கடைங்க இப்போ குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிடுச்சு. அப்பல்லாம் ஆண்டுவிழாவுக்கு ஒண்ணு, மிஞ்சிப் போனா மாறுவேடப் போட்டிக்கு ஒண்ணு, அதுவும் இஷ்டப்பட்டவங்க மட்டும். ஒரு டிரெஸ் தச்சா தெருவுல இருக்கற நாலு பிள்ளைங்களுக்கு ஓடும். இப்போ எல்கேஜி யூகேஜில மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு வந்துடுது, எல்லாரும் கட்டாயம், ஒவ்வொண்ணும் வேற வேற. ஏன்னு கேட்டா, பிள்ளைங்களுக்கு கலர் தெரியணும் பழம் தெரியணும்னு சொல்றாங்க. மஞ்சள் கலர் தெரிய கிளாஸ்ல ஒரு எலுமிச்சம்பழம் போதும். உண்மைல அந்த போட்டோ வேணும், ஸ்கூல் பேஜ்ல போட, அடுத்த வருஷ அட்மிஷனுக்கு காட்ட. இத நான் கோவத்துல சொல்லல, ஸ்கூல்களுக்குப் போய் வேலை செய்யறவ, ஆபீஸ் ரூம்ல என் எதிர்லயே பேசிக் கேட்டிருக்கேன். மிஸ்ஸுங்களும் பாவம்தான், அவங்களும் எல்லோ டேக்கு மஞ்சப் புடவை தேடிக்கிட்டு ஓடறாங்க, மேனேஜ்மென்ட் சாயங்காலம் சொல்லும், அவங்க ராத்திரி குரூப்ல போடுவாங்க, நீங்க எட்டு அம்பதுக்கு பாக்கறீங்க.

சில வருஷம் முன்னாடி ஒரு ஸ்கூல்ல சில்ட்ரன்ஸ் டே ஃபேன்ஸி டிரெஸ் போட்டிக்கு என்ன ஜட்ஜா கூப்பிட்டாங்க. போனேன். மேடைக்குப் பக்கத்து வராண்டால பிள்ளைங்க வரிசையா நின்னாங்க. அதுல ஒரு எல்கேஜி பையன், சூரியகாந்தி. தெர்மாகோல் வட்டம், அதச் சுத்தி கம்பி வெச்சு மஞ்ச இதழ், கழுத்துல மாட்டி பின்னாடி நூல் கட்டியிருந்தாங்க. மத்த பிள்ளைங்க கால் வலிக்குதுன்னு கீழ உக்காந்துடுச்சுங்க, இவனால உக்கார முடியல. உக்காந்தா இதழ் மடங்கும்னு யாரோ சொல்லி வெச்சிருக்காங்க போல, சுவத்தப் பிடிச்சுக்கிட்டு ஒரு காலுக்கு மாத்தி ஒரு கால் நிக்கறான். நான் போய் என்னடா கண்ணான்னு குனிஞ்சேன், காதுகிட்ட வந்து "ஒண்ணுக்கு வருது"ன்னான். நூல அவிழ்த்துத் தூக்கினா கழுத்தோரம் கம்பி கீறி சிவந்து கிடக்கு. பாத்ரூம் கூட்டிட்டுப் போறதுக்குள்ள முடியல அவனுக்கு, டிராயர் நனைஞ்சிடுச்சு. அப்பவும் அவன் அதுக்கு அழல, "பூ கெட்டுப் போச்சா"ன்னு கேட்டுத்தான் அழுதான். அவங்கம்மாகிட்ட அப்புறம் பேசினேன், ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து வெட்டியிருக்காங்க. அந்த அம்மா மேல எனக்கு துளி கோவமும் வரல. அன்னில இருந்து எந்த ஸ்கூலுக்கும் ஜட்ஜா போறதில்ல, கூப்பிட்டா ஏன் வரலன்னு காரணத்தையும் சொல்லிடறேன்.

இன்னொரு விஷயமும் மனச அறுக்கும். ஜூலை 15 காமராஜர் பிறந்த நாள், கல்வி வளர்ச்சி நாள்னு நம்ம தமிழ்நாட்டு ஸ்கூல்ல எல்லாம் கொண்டாடறோம். அவர் முதலமைச்சரா இருந்த காலத்துலதான் மதிய உணவும் இலவச சீருடையும் வந்துச்சு. பக்கத்துல உக்காந்திருக்கறவன் பணக்காரனா ஏழையான்னு சட்டையப் பாத்து தெரியக் கூடாதுன்னுதான் சீருடை. அவர் பிறந்த நாளுக்கு ஒரு பிள்ளை வாடகைக்கு எடுத்த பட்டுக்கரை வேட்டியோட வந்து நிக்குது, இன்னொரு பிள்ளை யூனிஃபார்ம்ல ஓரமா நிக்குது, யார் வீட்ல காசு இல்லன்னு அன்னிக்கு கிளாஸுக்கே தெரிஞ்சு போகுது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் ஸ்கூல்ல ஏழைப் பிள்ளைங்களுக்குன்னு ஒதுக்கற 25 சதவீத இலவச சீட்ல சேர்ற பிள்ளைங்க இருக்காங்க, அவங்க அப்பா அம்மாங்க இத வெளில சொல்லக் கூட மாட்டாங்க. நீங்க சொல்லியிருக்கீங்க. அதுக்கு நன்றி.

சரி, வேஷமே வேணாம்னு நான் சொல்ல வரல. மூணு வயசுல இருந்து ஏழெட்டு வயசு வரைக்கும் பிள்ளைங்களுக்கு இன்னொருத்தரா மாறி விளையாடறது சாப்பாடு மாதிரி, உங்க பொண்ணு துண்ட புடவையா சுத்திக்கிட்டு டீச்சர் விளையாட்டு விளையாடியிருப்பா, பையன் சொம்ப கவுத்து தொப்பி ஆக்கியிருப்பான். பேச்சு வளரும், அடுத்தவங்க எப்படி யோசிப்பாங்கன்னு புரியும், பயத்த கூட விளையாட்டுலயே தீத்துக்குவாங்க. ஆனா அந்த விளையாட்டுல துண்டு புடவையா மாறறது பிள்ளை மனசுக்குள்ளதான். கடைல ரெடிமேடா வர்ற டிரெஸ்ல அவங்க மாத்தறதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல, போட்டுக்கிட்டு நிக்கணும், அவ்ளோதான். குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரால பாத்திருப்பீங்க, காளி, குரங்கு, கரடின்னு ஊரே வேஷம் கட்டும், அங்க அவங்கவங்க நேந்துக்கிட்டு, மாலை போட்டு விரதம் இருந்து கட்டற வேஷம் அது. உங்க பையனுக்கு பைனாப்பிள் மேல என்ன ஆசை? லிஸ்ட்ல அவன் பேருக்கு நேரா அது விழுந்துச்சு, அவ்ளோதானே.

அப்புறம் "இது பைனாப்பிள் இல்ல"ன்னு அவன் சொன்னது. உங்க வேலைப்பாட்ட குறை சொல்லலம்மா. அந்த வயசுல பிள்ளைக்கு ஜெயிக்கணும்ங்கறதில்ல, கூட்டத்தோட சேந்து நிக்கணும், அது ஒண்ணுதான் வேணும். இதப் போட்டுட்டுப் போனா யாராவது சிரிப்பாங்களோ, நான் மட்டும் வேற மாதிரி இருப்பனோன்னு ஒரு பயம், அத சொல்லத் தெரியாம தூக்கி எறிஞ்சான். இத நீங்க புரிஞ்சுக்கிட்டா உங்க வேலை ரொம்ப சுருங்கிடும், ஏன்னா சேந்து நிக்கறதுக்கு முழு டிரெஸ் தேவையே இல்ல. தலைல ஒண்ணு, இல்லன்னா கைல ஒண்ணு, அதோட ரெண்டு வரி பேச்சு, போதும்.

உங்க வீட்ல ஒரு அட்டைப்பெட்டி வைங்க. ஒரு வெள்ளைச் சட்டை, சின்ன வேட்டி, ஒரு துண்டு, உங்க பழைய துப்பட்டா மஞ்ச பச்ச சிவப்புன்னு மூணு, புருவ பென்சில், எலாஸ்டிக், டபுள் டேப். திருப்பூர்ல இருக்கறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்ல, பனியன் வேஸ்ட் எல்லா கலர்லயும் கிலோ கணக்குல கிடைக்கும், கம்பெனில கேட்டா ஒரு பை கட் பீஸ் குடுப்பாங்க, அது ஒரு வருஷத்துக்கு ஓடும். வெள்ளைச் சட்டை வேட்டி துண்டு இருந்தா காமராஜர் ஆச்சு. வெள்ளைத் துணில தலைப்பாகை கட்டி மேல ஒரு கறுப்பு கோட்டு, மீசைய பென்சில்ல வரைஞ்சா பாரதியார், கோட்டு இல்லன்னா தலைப்பாகையும் மீசையுமே போதும், எந்தப் பிள்ளையும் யாருன்னு கேக்காது. மீசைய கம் வெச்சு ஒட்டாதீங்க, எடுக்கும்போது தோல் உரியும். கிருஷ்ணருக்கு முகம் முழுக்க நீலம் பூசணும்னு சொல்லுவாங்க, பூச வேணாம், மயில் இறகு ஒண்ணு போதும், பூசியே ஆகணும்னா முந்தின நாளே முழங்கை மடிப்புல கொஞ்சம் தடவி அரிக்குதான்னு பாத்துக்கோங்க. கம்பி, ஊக்கு, தாடைக்குக் கீழ இறுக்கற எலாஸ்டிக் இது மூணும் வேணாம். எல்லாத்துக்கும் மேல, யூகேஜிப் பிள்ளை அவனே கழட்டி அவனே பாத்ரூம் போயிட்டு வர முடியணும், அப்படி முடியாத டிரெஸ் இலவசமா கிடைச்சாலும் போட்டு விடாதீங்க.

சில பிள்ளைங்களுக்கு தொப்பி, காலர், முகத்துல பெயின்ட் எதுவுமே ஆகாது, உடம்பு கூசும், அடம்னு நினைச்சு நாம கட்டாயப்படுத்துவோம். உங்க பையன் சாதாரண நாள்ல பனியன் லேபிள் குத்துதுன்னு சொல்றவனா இருந்தா இதயும் யோசிங்க.

இப்போ ஸ்கூல். கேட்டா ஒதுக்கிடுவாங்களோன்னு பயப்படறீங்க, அந்தப் பயம் நியாயம்தான், அதனால தனியாப் போய் கேக்காதீங்க, கோவமாவும் கேக்காதீங்க, ராத்திரி குரூப்ல எழுதவும் வேணாம். குரூப்ல எழுதினா நாலு பேர் கைதட்டற எமோஜி போடுவாங்க, மறுநாள் நேர்ல யாரும் வர மாட்டாங்க. முதல்ல மிஸ்ஸுக்கு மட்டும் தனியா ஒரு மெசேஜ். இப்படி எழுதலாம்: "வணக்கம் மிஸ். டிரெஸ் டே அன்னிக்கு எங்க பையன் யூனிஃபார்ம்லயே வருவான், அந்த நாளுக்கு சம்பந்தமான ஒரு பொருள் கைல கொண்டு வருவான், ரெண்டு வரி பேசுவான். தயவுசெஞ்சு அவனையும் எல்லாரோடயும் சேத்து நிக்க வெச்சு போட்டோ எடுங்க. முந்தின நாள் ராத்திரி சொன்னா எங்களால செய்ய முடியறதில்ல, ஒரு வாரம் முன்னாடி சொன்னா முடிஞ்சத செய்வோம்." இதுல கெஞ்சலும் இல்ல சண்டையும் இல்ல. பெரும்பாலும் மிஸ்ஸுங்க சரிங்கம்மான்னுதான் சொல்லுவாங்க, அவங்களுக்கும் அது லேசு.

ரெண்டாவது, உங்க கிளாஸ்லயே உங்கள மாதிரி இன்னும் நாலஞ்சு அம்மாங்க கண்டிப்பா இருப்பாங்க. வேன்ல ஏத்தி விடற இடத்துல, பேரன்ட்ஸ் மீட்டிங்ல யார் முகத்துல களைப்பு தெரியுதோ அவங்ககிட்ட பேசுங்க. அஞ்சு பேர் கையெழுத்து போட்டு ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட ஒரு பக்கக் கடிதம், நேர்ல போய்க் குடுங்க. "டிரெஸ் டே வேணாம்"னு எழுதாதீங்க, அப்படி எழுதினா அங்கயே கதவு மூடிடும். வருஷ ஆரம்பத்துலயே தேதி லிஸ்ட் குடுங்க, ஒரு டெர்ம்க்கு ஒண்ணுக்கு மேல வேணாம், கைல ஒரு பொருளோ வீட்ல செஞ்ச தொப்பியோ போதும்னு சர்க்குலர்லயே போடுங்க, யூகேஜி வரைக்கும் பிரைஸ் குடுக்காதீங்க, பழைய டிரெஸ் இருக்கறவங்க குடுத்தா ஸ்கூல்லயே ஒரு பீரோல வெச்சு எல்லாரும் எடுத்துக்கலாம். இத எல்லாம் எழுதுங்க. பிரைஸ் விஷயம் சின்னதா தெரியும், ஆனா அதுதான் வேர், பிரைஸ்னு ஒண்ணு வந்துட்டா போட்டி பிள்ளைங்களுக்கு நடுவுல இல்ல, அம்மாங்களுக்கு நடுவுல வந்துடும். சாமி வேஷம் வர்ற நாள்ல விருப்பம் இருக்கறவங்க மட்டும்னும் ஒரு வரி சேத்துக்கோங்க, வேற மதத்துப் பிள்ளைங்களும் கிளாஸ்ல இருப்பாங்க.

ஆண்டுவிழா டான்ஸுக்கு இந்தக் கடைலதான் வாங்கணும்னு கட்டாயமா காசு கேட்டா, ரசீது குடுங்கன்னு கேளுங்க. தனியார் ஸ்கூல் எவ்ளோ வாங்கலாம்னு நம்ம மாநிலத்துல கட்டண நிர்ணயக் குழு இருக்கு, அது ஸ்கூலுக்கும் தெரியும். ரொம்ப மீறிப் போனா கல்வித்துறை உதவி எண் 14417 இருக்கு. ஆனா அது கடைசி, மிஸ்கிட்ட ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட பேசிப் பாக்காம அங்க போக வேணாம்.

லீவு போடலாமான்னு கேட்டீங்க. எப்பவாவது ஒரு நாள், நிஜமாவே முடியல, பையனும் போக மாட்டேங்கறான்னா போடுங்க, ஒண்ணும் கெட்டுப் போகாது. வழக்கமா வெச்சுக்காதீங்க, மறுநாள் எல்லாப் பிள்ளைங்களும் அந்தக் கதைய பேசும்போது அவன் மட்டும் வெளிய நிப்பான், அவனுக்கு எது பயமோ அதுவேதான் நடக்கும். லீவு போட்டா காய்ச்சல்னு அவன சொல்லச் சொல்லாதீங்க. அவன் பொய்யும் சொல்லணும், உண்மையும் வாய் வரைக்கும் வந்து நிக்கும். பொண்ணு ஏற்கனவே அம்மாக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு வந்திருக்கா.

வீட்டுக்காரர் லீவு போடச் சொல்றார்னா, அவர் கண்ணுக்கு அது ஒரு நாள் பிரச்சனையா தெரியுது, ஜூன்ல இருந்து எத்தன ராத்திரி போச்சுன்னு அவருக்குத் தெரியாது, அவர் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். சண்டையா இல்லாம ஒரு ஞாயித்துக்கிழமை காலண்டர எடுத்து வெச்சு உக்காருங்க, டிசம்பர்ல கிறிஸ்துமஸ், ஜனவரில பொங்கலும் 26ம், அப்புறம் ஆண்டுவிழா, இதுல பாதி முழுசா அவர் பொறுப்பு. "உதவி பண்ணுங்க"ன்னு கேக்காதீங்க, அப்படிக் கேட்டா வேலை உங்களோடதாவேதான் இருக்கும், டேப் எடுத்துக் குடுத்துட்டு போன் பாக்கப் போயிடுவார். மெசேஜ் பாக்கறது, பையன்கிட்ட கேக்கறது, செய்யறது, காலைல போட்டு விடறது வரைக்கும் அவரே. கிளாஸ் குரூப்ல அவர் நம்பரையும் சேத்து விடுங்க. உங்க மாமியார் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு, அவங்க காலத்துல இது இல்லவே இல்ல, அதனால அவங்களுக்கு இந்த வேலையோட அளவு தெரியல. பதில் பேசாம ஒரு துணியக் குடுத்து தைக்கச் சொல்லிப் பாருங்க, தையல் தெரிஞ்ச கை சும்மா இருக்காது.

வெள்ளிக்கிழமைக்கு வருவோம். இன்னிக்கே பையன்கிட்ட எந்தக் காய்னு கேளுங்க. மிஸ் ஏற்கனவே ஒண்ணு குடுத்திருந்தாலும் அவனுக்கு வேற பிடிச்சா மிஸ்கிட்ட மாத்திக் கேக்கலாம். கத்திரிக்கான்னு வைங்க, பச்சை பனியன் துணி ஒரு துண்டு, நட்சத்திரம் மாதிரி வெட்டி நடுவுல ஒரு சின்ன காம்பு சுருட்டித் தச்சு, உள்பக்கம் லேசா எலாஸ்டிக், தலைல கவுத்தா கத்திரிக்கா ஆயிடுவான், கீழ யூனிஃபார்மே இருக்கட்டும். வெட்டறத அவன் பண்ணட்டும், கோணலாத்தான் வரும், திருத்தாதீங்க. அவன் வெட்டினத அவன் பைனாப்பிள் இல்லன்னு சொல்ல மாட்டான். பேச ரெண்டு வரி, "நான் கத்திரிக்கா. எங்கம்மா என்ன வெச்சு புளிக்குழம்பு வைப்பாங்க." ராத்திரி ஒன்பதரைக்கு மேல இந்த வேலை நடக்கக் கூடாதுன்னு வீட்ல ஒரு கட்டுப்பாடு வெச்சுக்கோங்க, முடியலன்னா அப்படியே விட்டுட்டு காலைல ஒரு கத்திரிக்காய கைல குடுத்து அனுப்புங்க.

தொப்பி தைக்கும்போது பொண்ணயும் பக்கத்துல உக்கார வெச்சுக்கோங்க, ஊசில நூல் கோத்துக் குடுக்கட்டும். அவ பைய நீங்களா திறந்து பாக்க வேணாம். டிசம்பர்க்கு ஏதாவது பேப்பர் வந்திருக்காடான்னு சும்மா ஒரு தடவ கேட்டுட்டு விட்டுடுங்க, அவளா எடுத்து நீட்டற வரைக்கும் கொஞ்சம் பொறுத்திருங்க. நீட்டினான்னா எனக்கு எழுதுங்க.